பன்னிரண்டு ஜன்னல்

என் கட்டிலிலிருந்து பார்த்தால் பேரனின் முதுகு தெரியும். முதுகுக்கு இடது பக்கம் ஒரு திரை, வலது பக்கம் ஒரு திரை. இதில் ஆறு மேஜை, அதில் ஆறு மேஜை. பச்சை விரித்த முட்டை வடிவ மேஜைகள். ஒவ்வொன்றையும் சுற்றி ஆறு இருக்கை. இருக்கைகளில் ஆள் கிடையாது. வட்டத்துக்குள் ஒரு படம், கீழே ஒரு புனைபெயர், அதற்கும் கீழே அவரவர் கையிருப்பு. பன்னிரண்டு மேஜையிலும் ஒரு இருக்கை என் பேரனுடையது.

அணுபுரத்தில் ராத்திரி சீக்கிரம் வந்துவிடும். அணுசக்தித் துறைக்காரர்கள் குடியிருக்கவென்றே உண்டான ஊர்; காலையில் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் ஊர். ஒன்பதரைக்கெல்லாம் எதிர் பிளாக்கில் பாதி விளக்கு அணைந்துவிடும். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் இருந்தபோது கடல் சத்தம் துணைக்கு இருந்தது. இங்கே அதுவும் இல்லை. தவளை, எப்போதாவது மயில், செக்யூரிட்டியின் விசில். அவ்வளவுதான். அந்த அமைதியில் அவனுடைய மவுஸ், பல்லி சொல்வது மாதிரி விட்டுவிட்டுக் கேட்கும்.

மகள் இங்கே ஆராய்ச்சி மையத்தில் இருக்கிறாள். மருமகனுக்குத் தாராப்பூர். இரண்டு படுக்கையறை குவார்ட்டர்ஸ். நான் ரிட்டயர் ஆகி, மனைவியும் போன பிறகு, பேரனின் அறையில் ஒரு கட்டிலாக வந்து சேர்ந்தேன். அப்போது அவன் பெங்களூரில் வேலையில் இருந்தான். 2024 பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. இரண்டு திரையும் ஒரு சுழல் நாற்காலியும் வந்து இறங்கின. “வீட்லேருந்தே வேலைம்மா” என்றான். என்னிடம், “நீங்க பாட்டுக்குத் தூங்குங்க தாத்தா” என்றான்.

நான் பாட்டுக்குத் தூங்க முடிவதில்லை. முப்பத்துச் சொச்சம் வருஷம் ஷிஃப்ட் பார்த்தவனுக்குப் பென்ஷன் தருவார்கள். ராத்திரித் தூக்கத்தைத் திருப்பித் தரமாட்டார்கள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பேன். அவன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்ட பிறகு மெல்ல இந்தப் பக்கம் திரும்புவேன். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பேன். தலைமாட்டில் ஃபிளாஸ்க்கில் வெந்நீர். மகள் மறக்காமல் வைக்கிறாள். இருமல் ஜாஸ்தியான நாட்களில் விடியற்காலையில் ஊற்றினால்கூட ஆவி பறக்கும். நல்ல ஃபிளாஸ்க்.

அது என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. பார்த்தே தெரிந்துகொண்டேன், தெரியாததைப் பகலில் செல்போனில் தேடிப் படித்தேன்.

ரம்மி நமக்குத் தெரிந்த ஆட்டம். கல்யாண மண்டபத்து மொட்டைமாடியில் துண்டை விரித்து ஆடாதவர் யார்? போக்கர் வேறு. கையில் இரண்டே சீட்டு, அது அவரவர் கண்ணுக்கு மட்டும். நடுவில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொது. முதலில் மூன்றைத் திறப்பார்கள், அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பணம் கட்டலாம், கட்டியதற்கு மேல் ஏற்றலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகிவிடலாம். விலகுவதற்கு ஃபோல்ட் என்று பெயர். கையில் ஒன்றுமே இல்லாதவன் நிறைய ஏற்றி மற்றவர்களைப் பயந்து விலக வைத்துப் பணத்தை அள்ளிக்கொண்டு போவதும் உண்டு. அதனால்தான் எதிராளி முகத்தைப் பார்த்து ஆடும் ஆட்டம் என்பார்கள்.

ஒரு மேஜையில் ஆடுவதற்கே ஐந்து முகத்தைப் படிக்க வேண்டும். பன்னிரண்டு மேஜை என்றால் அறுபது முகம். முதல் சில நாட்கள் எனக்கு அடிவயிறு கலங்கியது. பையன் எரிந்துகொண்டிருக்கிறான், வியர்த்துக் கொட்டப்போகிறது, மேஜையைக் குத்தப்போகிறான் என்று காத்திருந்தேன். சினிமாவில் சூதாடிகள் அப்படித்தானே.

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் விஷயம் என்று எனக்கு விளங்கப் பத்து நாள் ஆயிற்று. இரண்டு சீட்டு வரும், பார்ப்பான், விலகுவான். அடுத்த மேஜை. பார்ப்பான், விலகுவான். பத்தில் எட்டுச் சீட்டை அவன் தொடுவதே இல்லை. ஒரே மேஜையில் உட்கார்ந்து இப்படி விலகிக்கொண்டே இருந்தால் மனிதனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அலுப்பு தாங்காமல் ஏதாவது ஒரு சொத்தைச் சீட்டை எடுத்து ஆடிவிடுவான். அந்த அலுப்பைக் கொல்லத்தான் பன்னிரண்டு. பேராசைக்காரன் பல மேஜை போடுகிறான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பொறுமைக்கு வேலை கொடுக்கத்தான் போடுகிறான்.

கணக்குப் போட்டேன், கணக்குப் போடாமல் எனக்கு இருக்க முடியாது. கணினியில் ஒரு மேஜையில் மணிக்கு எழுபது கை வரை ஓடுகிறது. பன்னிரண்டுக்கு 840. நிமிஷத்துக்குப் பதினான்கு. நான்கு வினாடிக்கு ஒரு முடிவு. எல்லோரும் ஏங்கும் இரட்டை ஏஸ், சராசரியாக 221 கைக்கு ஒருமுறைதான் வரும். நிஜ மேஜையில், ஒருவர் சீட்டுப் போட, மணிக்கு முப்பது கை ஆடுகிறவன் அதற்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். என் பேரனுக்கு மணிக்கு மூன்று நான்கு தடவை வந்துவிடுகிறது. அதிர்ஷ்ட தேவதை ஷிஃப்ட் ஊழியர் மாதிரி வந்துபோகிறாள். வரும்போது அவன் நிமிர்ந்து உட்காருவதுகூடக் கிடையாது.

ஆனால் ஒன்று உண்டு. ஆடும்போது அவனுடைய வலது குதிகால் சதா ஆடிக்கொண்டிருக்கும். தையல் மிஷின் மிதிப்பது மாதிரி. எங்கள் குடும்பத்துக் கால்களே சும்மா இருப்பதில்லை. என் கட்டைவிரல் ஆடி ஆடிக் கொசுவலை நடுங்குகிறது என்று என் மனைவி நாற்பது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். இவனுக்குக் குதிகால். நல்ல சீட்டு வந்த கணத்தில் அது நின்றுவிடும். மிஷினில் நூல் அறுந்த மாதிரி சட்டென்று நிற்கும். பணம் கட்டி, ஏற்றி, அந்தக் கை முடிந்ததும் மறுபடி ஆடத் தொடங்கும். நேருக்கு நேர் ஆடுகிறவர்கள் இந்த மாதிரி அடையாளத்தைத்தான் தேடுவார்களாம். ஒருவன் விரல், ஒருவன் தொண்டைக்குழி, ஒருவன் மூச்சு. அதற்கு டெல் என்று பெயர். கணினியில் யாருக்கும் கால் தெரியாது. அறுபது பேரும் எதைக் கண்டுபிடிக்கத் தவிக்கிறார்களோ அது இந்தக் கட்டிலில் படுத்திருக்கும் கிழவனுக்கு மட்டும் தெரிகிறது. அவன் மூச்சு விடாமல் ஏமாற்றும்போதும் எனக்குத் தெரியும்: பணத்தை ஏற்றுவான், குதிகால் ஆடிக்கொண்டே இருக்கும்.

எங்கள் கட்டுப்பாட்டு அறையில் பேனலின் மேல்வரிசையில் சின்னச் சின்னக் கண்ணாடிக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வாசகம். அதை விண்டோ என்போம். ஏதாவது ஒரு அளவு எல்லை தாண்டினால் அந்த விண்டோ மினுக்கும், ஹாரன் அடிக்கும். போய் அக்னாலெட்ஜ் பொத்தானை அமுக்கினால் ஹாரன் நிற்கும். விளக்கு நிலையாக எரியும். சரியானதும் ரீசெட். பேரனின் முறை வரும்போது அந்த மேஜையைச் சுற்றி மஞ்சள் கோடு மினுக்கும், ஹெட்ஃபோனில் ஏதோ ஒலி கேட்கும் போலிருக்கிறது, தலை அந்தப் பக்கம் திரும்பும். அமுக்குவான். கோடு அணையும். முதல்முறை இதைப் பார்த்தபோது எனக்கு உள்ளங்கை பரபரத்தது. எழுந்து போய் லாக் புத்தகத்தில் நேரம் எழுத வேண்டும் போல.

வெளியாட்கள் அணு உலை ஆபரேட்டர் என்றால் எதையாவது திருகிக்கொண்டே இருப்பான் என்று நினைக்கிறார்கள். எட்டு மணி நேரம் ஒன்றும் செய்யாமல், ஆனால் ஒன்றையும் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பதற்குத்தான் சம்பளம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, எனக்கு ஆஃப். கல்பாக்கத்தில் எங்கள் இரண்டாம் யூனிட் ஓடிக்கொண்டிருந்தது. கடல் பம்ப் ஹவுஸுக்குள் ஏறி வந்தபோது பணியில் இருந்தவர்கள் உலையை நிறுத்திப் பத்திரமான நிலைக்குக் கொண்டுவந்தார்கள். வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்ததற்கான நிமிஷங்கள் அவை. அதே நேரத்தில் டவுன்ஷிப்பில் எங்கள் ஆட்களைக் கடல் கொண்டுபோனது. அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

பன்னிரண்டு எல்லாம் ஒரு எண்ணே இல்லை என்று பின்னால் தெரிந்தது. ராண்டி லூ என்றொரு அமெரிக்கர். ஆட்டக்காரர்களுக்கு அவர் ‘நானோநோகோ’. 2012 ஜனவரியில் பஹாமாஸில் நாற்பது மேஜைகளை ஒரே சமயத்தில் திறந்து வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்தார். சரியாக ஒரு ஷிஃப்ட். 23,493 கை ஆடினார். கின்னஸில் ஏறியது. எல்லாம் முடிந்து எழுந்தபோது அவருக்கு நின்ற லாபம் 7 டாலர் 65 சென்ட். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய நானூறு ரூபாய். இதைப் படித்த மத்தியானம் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். எங்கள் கான்டிராக்ட் ஆட்களின் தினக்கூலி கணக்காகத்தான் இருந்தது.

பணமில்லாமலும் இந்த வித்தை நம்மிடம் இருந்தது. அவதானம் என்றார்கள். எட்டுக் காரியத்தில் ஒரே சமயத்தில் மனம் வைத்தால் அட்டாவதானி, நூறென்றால் சதாவதானி. நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறும் செய்து காட்டினார். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் எந்தத் தேதி என்ன கிழமை என்பார், நடுநடுவே மணி ஒலிக்கும், முதுகில் யாரோ சின்னக் கற்களை எறிந்துகொண்டிருப்பார். கடைசியில் எத்தனை மணி ஒலித்தது, எத்தனை கல் விழுந்தது என்று சொல்லியாக வேண்டும். பாட்டுக் கட்டுவதுகூடப் பெரிதில்லை எனக்கு. அந்த முதுகில் விழுந்த கல்லை எண்ணுவதுதான் அதிசயமாகத் தோன்றும். பார்க்காத பக்கத்தையும் ஒரு மூலையில் எண்ணிக்கொண்டிருக்கும் மனம்.

2022-ல் செஸ் ஒலிம்பியாட் நம் வாசலுக்கே வந்தது. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில், ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் 10 வரை. 188 அணிகள் பொதுப் பிரிவில், 162 பெண்கள் பிரிவில். குதிரைக் காய்க்கு வேட்டி கட்டி ‘தம்பி’ என்று பேர் வைத்திருந்தார்கள். நானும் ஒருநாள் போய்க் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். நூற்றுக்கணக்கான பலகைகள், ஒரு இருமல் சத்தம் கிடையாது. எனக்குப் பிடித்துப்போனது ஆட்டக்காரர்களை அல்ல, அணித்தலைவர்களை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நான்கு பலகைக்கும் நடுவே நடக்கிறார்கள். பையன் தப்பாக நகர்த்தப்போவது தெரிந்தாலும் வாய் திறக்கக் கூடாது. பதினாறு வயது குகேஷ் வரிசையாக எட்டு ஆட்டம் ஜெயித்தது அந்த மண்டபத்தில்தான். அந்தத் திருவிழா எல்லாம் முடிந்து இரண்டு மாதத்தில், அதே 2022 அக்டோபரில், ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று தமிழ்நாட்டில் அவசரச் சட்டம் வந்தது. நீதிபதி சந்துரு குழு பரிந்துரைத்த சட்டம். ஆன்லைன் ரம்மியில் சம்பளத்தையும் தாலியையும் தோற்றவர்கள் தூக்கில் தொங்கிய செய்திகள் வாரத்துக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்த காலம். சட்டம் வேண்டாம் என்று யார் சொல்வது? ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பினார், சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை வைத்துக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் மட்டும் வெளியே எடுத்துவிட்டது: இவை திறமை ஆட்டங்கள். அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் பேரன் பொங்கலுக்கு வந்து சேர்ந்தான். தீர்ப்பைப் படித்துவிட்டுத்தான் டிக்கெட் எடுத்திருக்க வேண்டும்.

மேஜைக்கு இழுப்பறை கிடையாது. அவனுடைய கல்லூரிக் காலத்து லாங் சைஸ் நோட்டு ஒன்று திரைக்குக் கீழேயே கிடக்கும். ஆட்டம் முடிந்ததும் எழுதுவான். எத்தனை மணி நேரம், எத்தனை கை, கூடியது, குறைந்தது. அவ்வளவும் கணினியே கணக்கு வைக்கும். ஆனாலும் கையால் எழுதினான். அது எனக்குப் பிடித்திருந்தது.

வரவு செலவு எனக்கு முழுதாகத் தெரியாது. தெரிந்தவரை அது ஒன்றும் ராஜ வாழ்க்கை இல்லை. ஒவ்வொரு மேஜையிலும் சேரும் பந்தயத்தில் தளத்துக்காரர் ஒரு விள்ளல் எடுத்துக்கொள்வார், அது ரேக். 2023 ஏப்ரலிலிருந்து நிகர வெற்றியில் 30 சதவீதம் வரிப் பிடித்தம். அக்டோபரிலிருந்து உள்ளே போடும் பணத்துக்கே 28 சதவீதம் ஜிஎஸ்டி. இவ்வளவும் போய், சீட்டும் ஒத்துழைத்து, மாசக் கடைசியில் மிச்சம் பார்க்க வேண்டும். மகளிடம் மாதாமாதம் ஒரு தொகை கொடுத்தான். “கம்பெனி நல்ல கம்பெனி போல” என்றாள் அவள். நான் மோரை ஊற்றிக்கொண்டேன்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்ன காரணம் என்று கேட்டால், அவன் வேலை செய்கிற விதத்தைப் பார்த்துவிட்டதால் என்றுதான் சொல்வேன். அது நியாயமான காரணம் இல்லை என்பதும் தெரியும்.

ஏனென்றால் அந்தப் பச்சைப் புள்ளிகள். எதிராளி பெயருக்குப் பக்கத்தில் சிலருக்கு அவன் பச்சைப் புள்ளி வைத்திருந்தான். எந்தச் சீட்டு வந்தாலும் பணம் கட்டுகிறவர்கள், விலகத் தெரியாதவர்கள். ஆட்ட பாஷையில் ஃபிஷ். புதிதாக ஒரு மேஜை திறக்கும்போது அவன் முதலில் தேடுவது பச்சைப் புள்ளியைத்தான். திறமை ஆட்டம் என்று நீதிமன்றம் சொன்னது சரி. திறமை உள்ளவன் இருந்தால் இல்லாதவன் ஒருவன் இருந்தாக வேண்டுமே. எங்கள் பேனலில் ஒரு விண்டோவுக்குப் பின்னால் ஒரு பம்ப் இருக்கும், ஒரு வால்வு இருக்கும். இங்கே ஒரு ஆள் இருக்கிறான். எந்த ஊரோ, எந்த அறையோ, ராத்திரி பன்னிரண்டரைக்குச் சம்பளம் வந்த அன்றைக்கு. அவன் அறையில் கட்டிலில் யாரும் முழித்துக்கொண்டு படுத்திருக்கவில்லை போல. 2019-ல் உலகத்துப் பெரிய தளமான போக்கர்ஸ்டார்ஸ் பண மேஜைகளை ஆளுக்கு நாலு என்று குறைத்ததும் இந்தப் புள்ளிக்காரர்களை முன்னிட்டுத்தான் என்று படித்தேன். மீன் தீர்ந்துவிட்டால் குளத்துக்காரனுக்கும் பிழைப்பில்லை. என் பேரன் மூன்று தளங்களில் நாலு நாலாகத் திறந்து வைத்திருந்தான்.

ஒரே ஒரு ராத்திரி அவன் தடுமாறிப் பார்த்திருக்கிறேன். அடுத்தடுத்து மூன்று பெரிய கை, மூன்றும் கடைசிச் சீட்டில் போயிற்று. சத்தம் போடவில்லை. காது மடல் சிவந்தது. பின்னாலிருந்து பார்ப்பவனுக்குக் காதுதான் முகம். அதன் பிறகு விலக வேண்டிய சீட்டுகளை விலகாமல் ஆடினான். குதிகால் நின்றது, ஆடியது, நின்றது, எனக்கே குழப்பமாகிவிட்டது. கட்டுப்பாட்டு அறையில் இதற்கு நாங்கள் பயப்படுவோம். 1979 மார்ச்சில் அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்டில் முதல் சில நிமிஷங்களில் நூற்றுக்கு மேற்பட்ட அலாரம் ஒன்றாக அடித்தது. எது காரணம், எது விளைவு என்று பிரிக்க முடியாமல் ஆபரேட்டர்கள் தவித்தார்கள். எங்கள் பயிற்சி வகுப்பில் அதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். என் வாய்வரை வந்தது: “எழுந்திருடா.” அணித்தலைவர்களை நினைத்துக்கொண்டேன். அவனே நிறுத்தினான். ஒவ்வொரு மேஜையாக, இடது மேல்மூலையிலிருந்து வரிசை தப்பாமல், மூடினான். பால்கனியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றான். அடுப்படியில் ஏதோ உருட்டும் சத்தம் கேட்டது. தயிர்சாதம் போட்டுச் சாப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

2025 பிப்ரவரியில் மாநில அரசின் விதிமுறைகள் வந்தன. பண ஆட்டங்கள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை கூடாது. ஆதார் சரிபார்ப்பு வேண்டும். தொடர்ந்து ஒரு மணி நேரம் ஆடினால் எச்சரிக்கைப் பலகை, பிறகு அரை மணிக்கு ஒன்று. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அவன் என்ன செய்வான்? பலகை வரும், படிக்காமல் அமுக்குவான். அடிக்கடி அடிக்கிற அலாரத்தை எந்த ஆபரேட்டரும் படிப்பதில்லை. ஆனால் பன்னிரண்டு மணிக்கு மேஜைகள் நின்றது நிஜமாகவே ஒரு மாறுதல். சிண்ட்ரெல்லா கதை மாதிரி பச்சையெல்லாம் காணாமல் போகும். நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு சும்மா இருப்பான். நான் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவேன். வழக்குப் போட்டார்கள், ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது.

அப்புறம் எல்லாம் மூன்றே நாளில் முடிந்தது. ஆகஸ்ட் 20 மக்களவை, 21 மாநிலங்களவை, 22 குடியரசுத் தலைவர் கையெழுத்து. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் நாடு முழுக்கக் கிடையாது. நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம்; ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை. எத்தனையோ வருஷம் கோர்ட்டு கோர்ட்டாகப் பேசிய ‘திறமையா, அதிர்ஷ்டமா’ கேள்வியைப் பதில் சொல்லாமலே மூடி வைத்துவிட்டார்கள். சட்டம் அமலுக்கு வரும் வரைக்கும்கூடத் தளங்கள் காத்திருக்கவில்லை. அந்த வார ராத்திரி ஒன்றில் மூன்று தளமும் அடுத்தடுத்து ஒரே மாதிரி அறிவிப்புப் போட்டன. மேஜைக்கு வந்து உட்கார்ந்தவன் அதைப் படித்தான். கையிருப்பை வங்கிக்கு மாற்றினான். திரை இரண்டும் நீலமாக இருந்தன. குதிகால் ஆடவில்லை.

ஒரு உலையை நிறுத்தினாலும் அது உடனே ஆறிவிடாது. உள்ளே வெப்பம் வந்துகொண்டே இருக்கும், நாள்கணக்காக; நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அவனும் ஒன்பது மணியானால் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். ஒன்றும் திறக்க மாட்டான். பாட்டுக் கேட்பான், கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பான். கைவிரல் மேஜை விளிம்பைத் தட்டிக்கொண்டிருக்கும். பத்து நாள் கழித்து வேலைக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்கினான். நவம்பரில் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள். எண்களைப் பார்த்துச் சொல்லும் வேலையாம். கேளம்பாக்கத்தில் ரூம். ஒரு திரையை எடுத்துக்கொண்டு போனான்; ஒன்று இங்கேயே இருக்கட்டும் என்றான். மகள் அதில் சீரியல் பார்க்கிறாள்.

போன மாதம் பழைய பேப்பர்காரருக்குப் போட என்று அவனுடைய அலமாரியை ஒழித்தாள். லாங் சைஸ் நோட்டும் பேப்பர் கட்டுக்குள் இருந்தது. “இதுல எல்லாம் கணக்கா இருக்கேப்பா, வேணுமா, போட்டுடலாமா?” என்றாள். “பாத்துச் சொல்றேன்” என்று வாங்கிக்கொண்டேன்.

முன்பக்கமெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். தேதி, மணி, கை, கூடுதல், குறைவு. கட்டம் கட்டமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். கடைசித் தேதிக்கு எதிரே ‘கை: 0’ என்று எழுதிக் கோடு போட்டிருந்தான். நோட்டைத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து வேறு ஒரு பட்டியல். எதிராளிகளின் புனைபெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ஒருவன் நல்ல சீட்டென்றால் யோசிக்க நேரம் எடுப்பான். ஒருவன் தோற்றால் அடுத்த கையில் கண்மூடித்தனமாக ஏற்றுவான். ஒருவன் சனிக்கிழமை மட்டும் வருவான். பச்சைப் பேனாவில் அடிக்கோடிட்ட பெயர்களும் இருந்தன. இருபது முப்பது பேரைத் தாண்டி, நாலாவது பக்கத்து நடுவில், யாருக்கும் இல்லாத மாதிரி மூன்று வரி:

தாத்தா. கட்டைவிரல் ஆடினால் முழிப்பு.

இருமல் பத்துக்கு மேல் போனால் ஆட்டம் முடிந்ததும் வெந்நீர் மாற்று.

கட்டைவிரல் நிற்கும்வரை விளக்கைப் போடாதே.